450 ரூபாயில் ஏழு நாள்: தன்னார்வப் பணியும் அரசுப் பணமும்

ஒரு மாணவருக்கு ஏழு நாளைக்கு 450 ரூபாய். அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக நான் பொறுப்பில் இருந்த ஆண்டுகளில் சிறப்பு முகாமுக்கென்று வகுக்கப்பட்டிருந்த தொகை அது. ஓர் அலகுக்கு (யூனிட்) 100 தன்னார்வலர்கள், அவர்களில் பாதிப் பேர் முகாமுக்கு வருவார்கள் என்பது விதிமுறைக் கணக்கு; ஆக மொத்தம் 22,500 ரூபாய். ஐம்பது இளைஞர்களுக்கு மூன்று வேளை உணவு, சமையல்காரர் கூலி, எரிவாயு, போக்குவரத்து, மண்வெட்டி, கையுறை, முதலுதவிப் பொருள்கள், தொடக்க விழா, நிறைவு விழா அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும். வகுத்துப் பார்த்தால் தலைக்கு நாளொன்றுக்கு 64 ரூபாய் சொச்சம். தொகை போதாது என்று சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் இதே தொகையில் சில அலகுகள் ஊரே பேசும்படி முகாம் நடத்துவதையும், வேறு சில அலகுகள் பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புவதையும் பார்த்திருக்கிறேன். தன்னார்வப் பணியில் அரசுப் பணம் எதற்குச் செலவாக வேண்டும், எதற்குச் செலவாகக் கூடாது என்பது பற்றி அதிலிருந்து எனக்குச் சில முடிவுகள் ஏற்பட்டன. புதிதாகப் பொறுப்பேற்கும் திட்ட அலுவலர்களுக்கும், ஊர்ப் பொதுவேலைக்கு அரசு நிதியை நாட நினைக்கும் இளைஞர்களுக்கும் அவை பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

இந்தத் திட்டம் காந்தி நூற்றாண்டு ஆண்டான 1969இல், செப்டம்பர் 24ஆம் நாள், அப்போதைய மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் அவர்களால் 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களைக் கொண்டு தொடங்கப்பட்டது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே மாணவர்களின் சமூகப் பணியைக் கட்டாயமாக்கலாம் என்று சி.டி. தேஷ்முக் தலைமையிலான குழு பரிந்துரைத்திருந்தது. பிற நாடுகளின் அனுபவத்தை ஆராய்ந்த கே.ஜி. சையதைன், விருப்பத்தின் பேரிலேயே இது நடக்க வேண்டும் என்று கருத்துத் தெரிவித்தார். கடைசியில் விருப்பம்தான் வென்றது. இதைப் பழைய வரலாறு என்று ஒதுக்கிவிட முடியாது. ஏனெனில் அரசு தரும் பணத்தின் தன்மையே அந்த முடிவிலிருந்துதான் வருகிறது. மாணவர் கூலிக்கு வரவில்லை. ஆகவே அரசு கூலி தருவதில்லை. அவர் இரண்டு ஆண்டுகளில் 240 மணி நேரம் உழைப்பதற்கு ஆகும் கைச்செலவை மட்டுமே அரசு ஏற்றுக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை முதல் கூட்டத்திலேயே மாணவர்களுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டால், “சார், எங்களுக்கு எவ்வளவு சாங்ஷன் ஆச்சு?” என்ற கேள்வி முகாமின் மூன்றாம் நாள் இரவில் எழாது.

ஆண்டு முழுவதும் நடக்கும் வழக்கமான பணிகளுக்கு ஒரு தன்னார்வலருக்கு 250 ரூபாய் என்பது அக்காலத்து விகிதம். அதில் ஒரு பகுதி நிர்வாகச் செலவுக்காகப் பல்கலைக்கழக அளவிலேயே நின்றுவிடும். 2015-16 வரை இந்தச் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 7:5 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொண்டன. 2016-17 முதல் முழுச் செலவும் மத்திய அரசைச் சேர்ந்தது. கேட்பதற்கு இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். எங்களைப் போன்ற கல்லூரிகளில், ஒரு பங்கு வந்து மறு பங்கு வராத நிலையில் கணக்கைத் திறந்தே வைத்திருக்கும் தொல்லை அதனால் குறைந்தது. தாமதம் மட்டும் குறையவில்லை. கல்லூரி திறப்பது சூன் மாதம். மரக்கன்று நட ஏற்றது ஐப்பசி மழை. முகாம் நடத்த ஏற்றது பருவத் தேர்வு முடிந்த திசம்பர், சனவரி. பணமோ நிதியாண்டின் கடைசியை ஒட்டித்தான் பெரும்பாலும் வந்து சேரும். வந்த பிறகு மார்ச் 31க்குள் செலவைக் காட்டியாக வேண்டும்.

இந்தத் தாமதத்தை எதிர்கொள்ளத் திட்ட அலுவலர்கள் வழக்கமாகச் செய்வது சொந்தக் கையிலிருந்து போட்டுவிட்டுப் பிறகு எடுத்துக்கொள்வது. தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் பேராசிரியர் ஒருவர் மனைவியின் நகையை அடகு வைத்து முகாம் நடத்தினார். பணம் வந்தபோது முதல்வர் மாறியிருந்தார், புதியவர் “எந்த அனுமதியின் பேரில் செலவு செய்தீர்கள்?” என்று கேட்டார், அந்தப் பணத்தில் பாதிதான் அவருக்குத் திரும்பியது. அலகின் வங்கிக் கணக்கு முதல்வரும் திட்ட அலுவலரும் கூட்டாக இயக்குவது. எனவே கல்வியாண்டின் தொடக்கத்திலேயே கல்லூரியின் ஆலோசனைக் குழுவைக் கூட்டி, ஆண்டுத் திட்டத்தையும் உத்தேசச் செலவையும் தீர்மானமாக நிறைவேற்றி, அரசுப் பணம் வரும்வரை கல்லூரியின் பொது நிதியிலிருந்து இன்ன தொகை முன்பணமாக வழங்கப்படும் என்ற வரியையும் அதில் சேர்த்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும். வாய்மொழியாகச் “செய்யுங்கள், பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லும் முதல்வர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அந்த நல்ல மனத்தைத் தணிக்கையாளரிடம் காட்ட முடியாது.

நாங்கள் தத்தெடுத்தது சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்க் கரையை ஒட்டிய ஓர் ஊர். 2017 தொடக்கத்தில், சீமைக் கருவேல மரங்களை அகற்றுமாறு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு, எங்கள் பக்கத்தில் கல்லூரிகள் எல்லாம் அரிவாளும் கையுமாகக் கண்மாய்க்குப் புறப்பட்டன. மாணவர்களுக்கு அதில் உற்சாகம் அதிகம். வெட்டி வீழ்த்திய மரம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆனால் கண்மாய்க்குள் நிற்கும் மரம் யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் இறங்கக் கூடாது. நூறு ஏக்கருக்கு, அதாவது 40 எக்டேருக்கு, மேல் ஆயக்கட்டு (பாசன நிலம்) உள்ள கண்மாய் அப்போது பொதுப்பணித் துறையின் நீர்வளப் பிரிவைச் சேர்ந்திருந்தது. அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. கருவேல விறகுக்கும் கரிமூட்டத்துக்கும் நல்ல விலை உண்டு. பல ஊர்களில் அதை ஏலம் விட்டு ஊராட்சி வருமானம் பார்க்கிறது. மாணவர்கள் இலவசமாக வெட்டிப் போட்ட விறகை இரவோடு இரவாக யாரோ வண்டியில் ஏற்றிச் சென்றால், ஊரில் முதல் சந்தேகம் அந்த வாத்தியார் மேல்தான் விழும். ஆகவே மரம் வெட்டுவதற்கு முன், ஒன்றிய அலுவலகத்தில் எழுத்துமூலம் அனுமதி வாங்கி, வெட்டிய விறகை எங்கே அடுக்குவது, யார் பொறுப்பில் விடுவது என்பதையும் அதே கடிதத்தில் எழுதச் செய்தோம். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்தக் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, “மரத்த வெட்றதுக்கு முன்ன பேப்பர வெட்டிட்டீங்க, சார்” என்றார். அவர் கிண்டலாகச் சொன்னாரா, பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மரத்தை வெட்டுவதைவிட வேரைத் தோண்டுவதுதான் உண்மையான வேலை. கருவேலத்தை வேரை விட்டுவிட்டுத் தரைமட்டத்தில் அரிந்தால் அடுத்த மழையில் அது இன்னும் புதராகத் துளிர்க்கும். வேரைக் கிளறக் கடப்பாரையும் முதுகும் வேண்டும். ஐம்பது மாணவர்கள் ஒரு வாரத்தில் தோண்டும் இடத்தை மண் அள்ளும் இயந்திரம் ஒன்று ஒரு முற்பகலில் முடித்துவிடும். இதை ஒளிக்காமல் மாணவர்களிடம் சொன்னேன். பிறகு வேலையைப் பிரித்தோம்: இயந்திரம் செய்ய வேண்டியதை ஊராட்சித் தலைவரிடம் கோரிக்கையாக வைத்துவிட்டு, இயந்திரம் நுழைய முடியாத வரத்துக்கால்வாயின் குறுகிய பகுதியையும் மடையின் வாயையும் மாணவர்கள் கையில் எடுத்துக்கொண்டார்கள். அரசு தரும் சிறு தொகை மனிதக் கை தேவைப்படும் இடத்தில் செலவானால்தான் அதற்கு மதிப்பு. இயந்திர வாடகைக்கு 22,500 ரூபாயைக் கொட்டியிருந்தால் முகாம் எதற்கு?

அந்தத் தொகையில் பெரும்பகுதி உணவுக்கே போக வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன். காலை ஆறு மணிக்கு மண்வெட்டி பிடிக்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை சாப்பிடும் அளவு விடுதிக் கணக்கில் அடங்காது. ஆறு மணிக்குத் தேநீரும் பொரிகடலையும், ஒன்பது மணிக்குப் பொங்கல் அல்லது உப்புமா, மதியம் சாம்பாரும் ஒரு காயும் ரசமும், நான்கு மணிக்குச் சுண்டல், இரவு இட்லியோ தக்காளிச் சாதமோ என்று ஏற்பாடு. பெருஞ்சமையலுக்குப் பழகிய ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, காய் நறுக்கவும் பாத்திரம் கழுவவும் மாணவர்களே முறை வைத்துக்கொண்டார்கள். ஆண் பிள்ளைகளை வெங்காயம் உரிக்க வைத்ததற்கு ஒரு தந்தை தொலைபேசியில் வருத்தப்பட்டார், பையன் வருத்தப்படவில்லை. சிக்கனம் செய்ய வேண்டிய இடங்கள் வேறு. பதாகை ஒன்று போதும், அதிலும் தேதியை ஒட்டுத்தாளில் எழுதிக்கொண்டால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும். சிறப்பு விருந்தினர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதை நிறுத்திவிட்டு, அந்த ஊர்ப் பள்ளி நூலகத்துக்கு அவர்கள் பெயரில் ஒரு புத்தகம் கொடுத்தோம். ஒலிபெருக்கி வாடகை தொடக்க நாளுக்கும் நிறைவு நாளுக்கும் மட்டுமே. இதையெல்லாம் கஞ்சத்தனம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். முகாமில் ஒருவேளைகூட சோறு குறையவில்லை என்பதுதான் என் பதில்.

ஊர் மக்கள் அரிசி தந்தார்கள். அறுவடை முடிந்த தை மாதம் என்பதால் வீட்டுக்குப் படி அரிசி என்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, இரண்டு மூட்டை வந்து சேர்ந்தது. ஒரு பாட்டி தேங்காய் நான்கைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏம்ப்பா, கருவேல முள்ளு குத்துச்சுன்னா எருக்கம்பால் வை” என்று மருத்துவமும் சொல்லிவிட்டுப் போனார். (நாங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லி வைத்து, தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்திருந்தோம், எருக்கம்பாலை முயன்று பார்க்கவில்லை.) இப்படிப் பொருளாக வரும் உதவியைப் பலர் கணக்கில் எழுதுவதில்லை, இலவசமாக வந்தது தானே என்று விட்டுவிடுகிறார்கள். பின்னால் தணிக்கையில், ஐம்பது பேர் ஒரு வாரம் சாப்பிட்டிருக்கிறார்கள், அரிசிக்குச் செலவே இல்லையே, அப்படியானால் உண்மையிலேயே முகாம் நடந்ததா என்ற கேள்வி வரும். நன்கொடைப் பொருள் பதிவேடு ஒன்றைத் தனியாக வைத்து, யார், எவ்வளவு, எந்த நாளில் தந்தார் என்று எழுதி, தந்தவரிடம் கையொப்பமோ கைநாட்டோ வாங்கி, அவருக்கு ஒரு ரசீதும் கொடுத்துவிடுங்கள். அந்த ரசீதை வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருந்தவர்களைப் பின்னர் பார்த்தேன்.

பணமாகச் செய்த செலவுக்கு அன்றன்றே தாள் தயாராக வேண்டும். வாரச் சந்தையில் கத்தரிக்காய் விற்பவரிடம் அச்சடித்த பில் இருக்காது. வெற்றுச் செலவுச்சீட்டில் பொருள், எடை, விலை எழுதி, அவர் பெயரும் கையெழுத்தும் வாங்கி, வாங்கிய மாணவரும் கையெழுத்திட்டு, இரவு படுக்கும் முன் ரொக்கப் புத்தகத்தில் ஏற்ற வேண்டும். ரொக்கமாகக் கொடுத்து வாங்கும் ரசீது 5,000 ரூபாயைத் தாண்டினால் வருவாய் முத்திரை ஒட்ட வேண்டும் என்பதை நினைவில் கொள்க. கடப்பாரை, இரும்புச் சட்டி போன்ற நிலைத்த பொருள்கள் இருப்புப் பதிவேட்டுக்குப் போக வேண்டும். இந்த வேலைக்கு வணிகவியல் மாணவர்கள் இருவரை நியமித்தேன். அவர்கள் பாடத்தில் படித்த ரொக்கப் புத்தகத்தை முதன்முதலாக அங்கேதான் உண்மையாக எழுதினார்கள். முகாம் முடிந்ததும் பட்டயக் கணக்கர் சான்றுடன் பயன்பாட்டுச் சான்றிதழ் அனுப்பினால்தான் அடுத்த தவணை நகரும். ஒரு கல்லூரி அனுப்பாவிட்டால் அதன் தாமதம் பல்கலைக்கழகத்தின் மொத்தக் கணக்கையும் பிடித்து நிறுத்தும் என்பதால், ஒழுங்காக அனுப்பியவர்களும் காத்திருக்க நேரிடும். மானியத்துக்கு வங்கியில் விழும் வட்டியும் அரசுக்கே சொந்தம். நூறு ரூபாய்க்கும் குறைவான வட்டிக்காக வந்த கடிதங்களை ஒரு கோப்பாகவே வைத்திருந்தேன். அண்மைக் காலத்தில் பொது நிதி மேலாண்மை அமைப்பு எனப்படும் கணினி முறை வழியாகப் பணம் நகர்வதால், விற்பவரின் வங்கிக் கணக்கிற்கே நேராகச் செலுத்தும் வழக்கம் வந்துள்ளது. இது நல்ல மாற்றம்தான். சந்தைக் கத்தரிக்காய்க்கு மட்டும் இன்னும் விடை கிடைக்கவில்லை.

இனி, முகாமைவிடப் பெரிய பணம் சம்பந்தப்பட்ட ஒரு விஷயம். நாங்கள் தங்கிய ஊராட்சி ஒன்றியப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. இரவில் மாடுகள் வராந்தாவில் வந்து படுக்கும். பின்னர் அந்த ஊர் இளைஞர்கள் என்னிடம் வந்து, சுவர் கட்ட என்ன வழி என்று கேட்டபோது, நமக்கு நாமே திட்டத்தைச் சொன்னேன். 1997-98இல் தமிழக அரசு தொடங்கிய இத்திட்டம், 2011-12 முதல் தன்னிறைவுத் திட்டம் என்ற பெயரில் நடத்தப்பட்டு, 2021இல் மீண்டும் பழைய பெயருக்கே வந்தது. ஊரகப் பகுதியில், மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு தரும். ஆதிதிராவிடர், பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் பகுதியானால் ஐந்தில் ஒரு பங்கு செலுத்தினால் போதும். வழிபாட்டிடங்களுக்கும் தனியார் சொத்துக்கும் இதில் இடமில்லை.

சுவருக்கு ஒன்றியப் பொறியாளர் போட்ட மதிப்பீடு ஒன்பது லட்சம்; மக்கள் பங்கு மூன்று லட்சம். ஊர்க்காரர்களுக்குப் பணம் திரட்டும் வழி தெரியும்: கோயில் திருவிழாவுக்கு விதிப்பதுபோல் தலைக்கட்டு வரி. ஆனால் கோயில் தலைக்கட்டுப் பட்டியலில் காலனி வீடுகள் கிடையாது. பள்ளியில் படிக்கும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்த வீடுகளிலிருந்துதான் வருகிறார்கள். பழைய பட்டியலை வைத்தே வசூலிக்கலாம், அவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமே என்று சிலர் நயமாகச் சொன்னார்கள். அந்த நயத்துக்குப் பின்னால் இருந்தது எல்லோருக்கும் விளங்கியது. பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் மாணவர் பட்டியலையே அடிப்படையாகக் கொள்ளலாம் என்று காலனியைச் சேர்ந்த எங்கள் முன்னாள் தன்னார்வலர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து சொன்னார். தலைமையாசிரியை அதை ஆதரித்தார். கொஞ்ச நேரச் சத்தத்துக்குப் பிறகு அதுவே முடிவாயிற்று. வீட்டுக்கு ஆயிரம் ரூபாய், இயலாதவர்களுக்கு இருநூறு. சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் வேலை பார்ப்பவர்கள் வாட்ஸ்அப் குழு வழியாக மீதியை நிரப்பினார்கள். மக்கள் பங்களிப்பு அரசுத் திட்டத்தின் நிபந்தனையாக இருந்ததால்தான், அந்த ஊரில் ஒரே பட்டியலில் இரண்டு தெருப் பெயர்களும் முதன்முதலாக எழுதப்பட்டன என்று நான் நினைக்கிறேன்.

தொகையை மாவட்ட ஆட்சியர் பெயரில் வரைவோலையாகக் கட்டிய பிறகே நிர்வாக அனுமதி கிடைத்தது. இங்கே ஒரு நுணுக்கம் தெரிந்திருக்க வேண்டும்: மக்கள் பங்கு பாதியையோ அதற்கு மேலோ எட்டினால், பங்களித்தவர்களே தாங்கள் விரும்பியவரைக் கொண்டு பணியைச் செய்துகொள்ளலாம், அதற்குக் குறைந்தால் ஒப்பந்தப்புள்ளிதான். ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்க் கொத்தனாரே கட்ட வேண்டும் என்று ஆசைப்பட்டார்கள். ஆனால் இன்னும் ஒன்றரை லட்சம் திரட்டும் தெம்பு இல்லை. ஒப்பந்ததாரர் வந்தார். அதனால் கெட்டுப்போகவில்லை, மதிப்பீட்டின் நகலை வாங்கிக் கையில் வைத்திருந்த இளைஞர்கள், அடித்தள ஆழத்தை மண் மூடுவதற்கு முன் நாடா பிடித்து அளந்து பார்த்தார்கள். மேற்பார்வையாளர் அளவுப் புத்தகத்தில் குறிக்கும்போதும் கூட நின்றார்கள். பணம் கட்டியவன் கேள்வி கேட்கிறான். இலவசமாக வந்த சுவரென்றால் கேட்டிருக்க மாட்டான். இதனோடு ஒப்பிடத்தக்கது, கண்மாய், ஏரிகளைப் பாசனதாரர்களைக் கொண்டே பழுதுபார்க்க 2017இல் தொடங்கிய குடிமராமத்துத் திட்டம். அதில் பாசனதாரர்களின் பங்கு பத்து விழுக்காடு, அதை உழைப்பாகவும் தரலாம் என்று வைத்தார்கள். எண்ணம் நல்லது. பங்கு மிகக் குறைவாக இருந்ததால், சில இடங்களில் யாரோ ஒருவரே சங்கத்தின் பேரில் அதைக் கட்டிவிட்டு வேலையையும் எடுத்துக்கொண்டதைக் கேள்விப்பட்டேன். வீட்டுக்கு ஓர் ஆள் கண்மாய்க்குப் போன பழைய முறையின் பெயர் மட்டும் அங்கே மிஞ்சியது.

தன்னார்வலருக்கே பணம் தரலாமா என்ற விவாதம் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் பழைய மாணவர் குழுவில் சூடாக நடந்தது. பெருந்தொற்றால் ஏற்பட்ட கற்றல் இழப்பைச் சரிசெய்ய 2021 அக்டோபர் 27 அன்று மரக்காணத்தை அடுத்துத் தொடங்கி வைக்கப்பட்ட அத்திட்டத்தில், மாலை வேளையில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் தன்னார்வலருக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆயிரம் ரூபாய் வாங்கினால் அது தொண்டா என்று கேட்டவர்கள் பெரும்பாலும் நல்ல சம்பளத்தில் இருந்த ஆண்கள். எங்கள் அலகில் இருந்து மணமாகி அதே வட்டாரத்தில் வாழும் ஒரு பெண், தன் வீட்டுத் திண்ணையில் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். இணையக் கட்டணம், வரைபடத்தாள், வண்ணப் பென்சில் போக அவர் கையில் மிஞ்சியது சொற்பம்; ஆனால் “வேலைக்குப் போற பொண்ணு” என்று மாமியார் வாயால் சொல்ல வைத்தது அந்த ஆயிரம்தான். வீட்டை விட்டு வெளியே வர ஒரு காரணம் தேவைப்படும் பெண்களுக்கு, சிறு தொகை ஓர் அனுமதிச் சீட்டாகப் பயன்படுகிறது. ஊக்கத்தொகை கூலியாக மாறிவிடும் அபாயத்தை நான் மறுக்கவில்லை. நிரந்தரமாக நடக்க வேண்டிய ஒரு வேலையை ஆண்டுக்கணக்கில் தன்னார்வம் என்ற பெயரில் குறைந்த தொகைக்கு வாங்கிக்கொள்வது அரசுக்கு வசதியான பழக்கம். அது பற்றிக் கேள்வி எழுப்பும் உரிமை தன்னார்வலர்களுக்கு உண்டு.

ஊர் இளைஞர்கள் அமைப்பாக நின்று நிதி பெற வேண்டுமானால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்வது முதல் படி. ஏழு பேர் இருந்தால் போதும். பதிவு செய்வது எளிது, ஆண்டுதோறும் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்வதுதான் கடினம். தேர்தல் சமயத்தில் பதிவாகி, அடுத்த ஆண்டே கணக்குத் தராமல் போன மன்றங்களைப் பிறகு உயிர்ப்பிக்க அபராதமும் அலைச்சலும் ஆகும். மத்திய அரசின் இளைஞர் அமைப்பான நேரு யுவ கேந்திரா வழியாக விளையாட்டுப் பொருள்களோ பயிற்சியோ பெறவும் ஒழுங்காக இயங்கும் மன்றம் வேண்டியிருந்தது. 2023 அக்டோபர் 31 அன்று இளைஞர்களைத் தன்னார்வப் பணிகளோடு இணைக்க மத்திய அரசு தொடங்கிய மை பாரத் இணையத் தளத்திலும் இளைஞர்கள் பதிவு செய்துகொள்கிறார்கள். பதிவு எண்ணிக்கையை மட்டும் இலக்காகக் கொண்டு வகுப்பறையில் கைப்பேசியை நீட்டச் சொல்லும் கல்லூரிகளைப் பற்றி இங்கே விரிவாக எழுத விருப்பமில்லை.

திட்ட அலுவலரின் பொறுப்புக் காலம் மூன்று ஆண்டு. வேண்டுமானால் இன்னும் ஓர் ஆண்டு நீட்டிக்கலாம். அதற்குள் ஊர் ஒருவரைப் பெயர் சொல்லி அறிந்திருக்கும், அடுத்தவரை அறியாது. எனவே நான் பொறுப்பை ஒப்படைத்தபோது, ரொக்கப் புத்தகம், இருப்புப் பதிவேடு, கடைசிப் பயன்பாட்டுச் சான்றிதழின் நகல், வங்கியில் கையொப்பம் மாற்றும் விண்ணப்பம் ஆகியவற்றோடு, தலைமையாசிரியை, ஊராட்சிச் செயலர், சமையல்காரர், கிராமச் செவிலியர் ஆகியோரின் எண்களையும், எந்த வீட்டில் மண்வெட்டி இரவல் கிடைக்கும், எந்தத் தெருவில் மாலை நேரத்தில் கூட்டம் போடக் கூடாது என்பன போன்ற குறிப்புகளையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தேன். புதிய அலுவலரை அழைத்துக்கொண்டு ஊருக்கும் போனேன். சுற்றுச்சுவரின் வெளிப்பக்கம் வெள்ளையடிக்கும் பணிக்கு அவர் அடுத்த முகாமில் இடம் ஒதுக்கியிருந்தார். சுண்ணாம்புக்கு ஆகும் செலவை ஊராட்சி ஏற்குமா, அலகு ஏற்குமா என்று தலைவரிடம் அவர் பேசிக்கொண்டிருந்தபோது நான் குறுக்கிடவில்லை.